புலிப்பால் கேட்ட வைத்தியர்

தமிழ்க் குழந்தைக் கதைகளில் வில்லன் யார் என்று கேட்டால் பெரும்பாலானோர் மந்திரவாதியைத்தான் சொல்வார்கள். நீண்ட தாடி, மண்டையோட்டு மாலை, ஏழு கடல் தாண்டி ஏழு மலை தாண்டி ஒரு குகை, குகையில் ஒரு கூண்டு, கூண்டில் கிளி, கிளிக்குள் அவன் உயிர். வெள்ளைக் கோட்டும் ஊசியுமாக வரும் கெட்ட டாக்டர் நம் கதை உலகத்துக்குப் பிந்தி வந்தவர், காமிக்ஸும் சினிமாவும் கொண்டுவந்து இறக்கியவர் என்பது பரவலான எண்ணம். எனக்கு அது பாதிதான் சரி என்று படுகிறது. கோட்டு வெளியிலிருந்து வந்தது. ஆள் இங்கேயே இருந்தவர். கார்த்திகை பிறந்து ஐயப்பனுக்கு மாலை போட்டுக்கொண்டவர்கள் இருக்கும் வீடுகளில் எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லப்படும் கதையில் அவர் வருகிறார். பந்தள அரண்மனையின் வைத்தியர் அவர். ராணிக்கு வராத தலைவலிக்குப் புலிப்பால் வேண்டும் என்று சொன்னவர். அந்தப் பழைய வைத்தியரின் கொடுமை வாயில் இருந்தது. புதிய டாக்டரின் கொடுமை கையில் இருக்கிறது. இப்படி வாயிலிருந்து கைக்கு இடம் மாறியதில் நம் சிறுவர் கதை ஒரு பெரிய பலத்தை இழந்திருக்கிறது என்பதும், அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தடை எதுவும் இல்லை என்பதும்தான் என் வாதம்.

கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். காட்டில் கண்டெடுத்த மணிகண்டனைப் பந்தள அரசன் ராஜசேகரன் மகனாக வளர்க்கிறான். பிறகு ராணிக்குச் சொந்தப் பிள்ளை பிறக்கிறது. பட்டம் வளர்ப்பு மகனுக்குப் போய்விடக் கூடாது என்று மந்திரி ராணியைத் தூண்டிவிடுகிறான். ராணி தலைவலி என்று படுத்துக்கொள்கிறாள். வைத்தியர் நாடி பிடித்துப் பார்த்துவிட்டு, பெண்புலியின் பால் கிடைத்தால்தான் பிழைப்பாள் என்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை காட்டுக்குப் புறப்படுகிறான். திருக்குறளில் மருந்து என்ற அதிகாரத்தின் கடைசிக் குறள் மருத்துவத்தை நான்கு பேரின் கூட்டு வேலையாகச் சொல்கிறது: நோயாளி, தீர்ப்பவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். பந்தளத்துக் கதையை இந்த நான்கின் மேல் வைத்துப் பார்த்தால் அதன் கட்டுமானம் பளிச்சென்று தெரிகிறது. நோயாளிக்கு நோய் இல்லை. தீர்ப்பவர் விலை போனவர். மருந்து யாராலும் கொண்டுவர முடியாதது. தாய்க்காக ஓடுகிற பிள்ளைதான் சாகடிக்கப்பட வேண்டியவன். மருத்துவம் நிற்கும் நான்கு கால்களையும் ஒரே வாக்கியத்தில் முறித்துவிடுகிறார் அந்த வைத்தியர். அவர் யாருக்கும் விஷம் வைக்கவில்லை, யாரையும் அறுக்கவில்லை. அவர் கையில் கத்தியே இல்லை. ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு அரசனாலும் மறுத்துப் பேச முடியவில்லை, ஏனென்றால் அது வைத்தியர் சொன்ன வார்த்தை.

இந்த வகைக் கதை தனியாக நிற்கவில்லை. பஞ்சதந்திரத்தில் முதலையின் மனைவிக்கு நோய் என்றும், குரங்கின் நெஞ்சைத் தின்றால்தான் தீரும் என்றும் ஒரு பேச்சு வருகிறது. அங்கே வைத்தியர் மேடைக்கே வரவில்லை, மருந்துச் சீட்டு மட்டும் வந்துவிட்டது. ஆற்றின் நடுவில் முதலை முதுகில் உட்கார்ந்திருக்கும் குரங்கு, நெஞ்சை மரத்தில் மாட்டிவைத்துவிட்டு வந்தேன் என்று சொல்லித் தப்பிக்கிறது. குலேபகாவலிக் கதையில் அரசனின் கண்ணுக்கு ஒரு பூ மருந்தாகச் சொல்லப்பட, அதற்காகப் பிள்ளைகள் உலகமெல்லாம் அலைகிறார்கள். ஆயிரத்தொரு இரவுகளில் தூபான் என்ற மருத்துவர் அரசனின் குஷ்டத்தைத் தீர்க்கிறார்; பொறாமை கொண்ட மந்திரி அவரைக் கொல்லச் சொல்லி அரசன் மனத்தைக் கெடுக்கிறான். கதைக்குக் கதை மருத்துவர் நல்லவராகவும் கெட்டவராகவும் மாறினாலும் பக்கத்தில் ஒரு மந்திரி நிற்பதைக் கவனிக்க வேண்டும். நம் கதைகளில் கிராமத்து வைத்தியர் வில்லனாவது அரிது. அவர் பக்கத்துத் தெருவில் இருப்பவர், அவர் கொடுத்த சூரணம் பலித்ததா இல்லையா என்பது ஊருக்கே தெரியும், பொய் சொல்லிவிட்டு அந்த ஊரில் குடியிருக்க முடியாது. பழைய ஊர் அமைப்பில் மருத்துவர், மருத்துவச்சி என்று அழைக்கப்பட்டவர்கள் சாதியிலும் தாழ்த்தி வைக்கப்பட்டிருந்தார்கள்; அவர்கள் கையில் அதிகாரமே கிடையாது. அதிகாரத்தின் வாசலில் நிற்கும் அரண்மனை வைத்தியர்தான் வில்லனாகிறார். பந்தளத்து வைத்தியருக்குப் பெயர்கூட இல்லை. கதையைச் சொல்லிவந்தவர்கள் அவரை ஒரு மனிதராக நினைத்ததைவிட, மந்திரியின் பொய் மருத்துவமாக மாறி வெளியே வரும் ஒரு வாயாகவே நினைத்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

ஒரு குழந்தைக்கு இதெல்லாம் எப்படிப் புரியும் என்று கேட்கலாம். அரண்மனைச் சதி புரியாது. ஆனால் மருந்து என்றால் என்ன என்பது குழந்தைக்கு யாரைவிடவும் நன்றாகத் தெரியும். பிறந்து சில நாளிலேயே உரை மருந்து தொடங்கிவிடும் வீடுகள் டெல்டா ஊர்களில் இன்றும் உண்டு. உரைகல்லில் தாய்ப்பால் விட்டு, சுட்ட வசம்பை ஓர் இழைப்பு, கடுக்காயை ஓர் இழைப்பு, ஜாதிக்காய், மாசிக்காய், சுக்கு என்று இழைத்து, வழித்துப் பாலாடையில் எடுத்து, மடியில் மல்லாத்திப் போட்டுக் காலை இடுக்கிக்கொண்டு புகட்டுவார்கள். கொடுப்பது பாட்டி. அதே கை தாலாட்டிய கை. வசம்புக்கு ‘பிள்ளை வளர்ப்பான்’ என்று ஒரு பெயர். விளக்கு வைத்த பிறகு அதன் பெயரையே சொல்லக் கூடாது என்று ‘பேர் சொல்லாதது’ என்று இன்னொரு பெயர். இவ்வளவு அன்பும் இவ்வளவு அச்சமும் ஒரு வேர்த்துண்டில் சேர்ந்திருப்பது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிறது. தனக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்லும் ஒன்று, தன் சம்மதமில்லாமல், தன் வாய்க்குள் கசப்பாக இறங்குகிறது என்பதுதான் குழந்தை அறிந்த முதல் மருத்துவம். சொல்பவர் நல்லவராக இருப்பதால் அந்தக் கசப்பு அன்பாகிறது. சொல்பவர் பொய் சொன்னால்? குழந்தையின் மனதில் எழக்கூடிய மிகப் பெரிய பயம் இதுதான் என்பேன். இருட்டையும் பேயையும்விடப் பெரிது, ஏனென்றால் இருட்டுக்குப் பயந்தால் ஓடிப்போய்ப் பெரியவர் மடியில் ஒளியலாம். இந்தப் பயமோ அந்த மடியிலிருந்தே வருகிறது. புலிப்பால் கதை அந்தப் பயத்துக்குத்தான் உருவம் கொடுக்கிறது.

மந்திரவாதிக் கதைகளையும் இந்தக் கண்ணோடு மறுபடி படித்தால் அவை வேறு மாதிரித் தெரிகின்றன. அம்புலிமாமா 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கியது. அதை நிறுவிய நாகிரெட்டியும் சக்கரபாணியும்தான் 1951-இல் வந்த பாதாள பைரவியையும் தயாரித்தார்கள். எஸ்.வி. ரங்காராவ் நடித்த அந்த நேபாள மாந்திரீகன் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு தலைமுறைக்கு மறக்காத வில்லன். அவன் என்ன செய்கிறான்? ஓர் ஏழை இளைஞனிடம், நான் சொன்னபடி செய், உனக்கு வேண்டியது கிடைக்கும் என்கிறான். அவன் சொல்லாமல் விட்டது, இளைஞன்தான் பலி என்பதை. மாந்திரீகன் இறந்த பின் சீடன் சஞ்சீவியைக் கொண்டு அவனை உயிர்ப்பிக்கிறான் என்பதையும் கவனிக்க வேண்டும்: உயிர் கொடுக்கும் மூலிகை கெட்டவர்களின் பையில் இருக்கிறது. விக்கிரமாதித்தன் கதையில் தினமும் ஒரு கனியைக் கொண்டுவந்து கொடுக்கும் சந்நியாசியும் இதே குடும்பம். கனிக்குள் ரத்தினம் இருக்கிறது என்பது வெகுநாள் கழித்துத் தெரிகிறது. அந்த நன்றிக் கடனுக்காக முருங்கை மரத்துப் பிணத்தை வாய் திறக்காமல் தூக்கிவரும் வேலையை அரசன் ஏற்கிறான். கே.சி. சிவசங்கரன் (1924–2020) ‘சங்கர்’ என்ற பெயரில் அம்புலிமாமாவுக்காக வரைந்த படத்தில், உருவிய வாளும் தோளில் பிணமுமாக நடந்துகொண்டேயிருந்தான் அந்த அரசன். கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரு கட்டளையின் பாரம் அது. மாந்திரீகன், சந்நியாசி, அரண்மனை வைத்தியர் மூவரும் ஒரே தொழில் செய்கிறார்கள். நமக்குத் தெரியாதது தங்களுக்குத் தெரியும் என்ற நிலையில் நின்று, காரணம் கேட்க முடியாத ஒரு வேலையை ஏவுகிறார்கள். ஆகவே, தமிழ்ச் சிறுவர் கதையில் கெட்ட டாக்டர் இல்லை என்று சொல்வதைவிட, அவர் மூன்று வேஷத்தில் பிரிந்து கிடக்கிறார் என்று சொல்வதே பொருத்தம்.

புதிய டாக்டர் எப்போது வந்தார்? காமிக்ஸில் ஒரு தெளிவான ஆண்டு இருக்கிறது. 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸின் முதல் இதழாக ‘இரும்புக்கை மாயாவி’ வந்தது. பிரிட்டிஷ் வார இதழ் ஒன்றில் 1962-இல் தொடங்கிய கதை அது. ஆய்வுக்கூடத்தில் கையை இழந்த ஒருவன், மின்சாரம் பாய்ந்தால் இரும்புக்கை மட்டும் தெரிய மறைந்துவிடுகிறான். மந்திரத்தின் இடத்தில் மின்சாரமும் குகையின் இடத்தில் ஆய்வுக்கூடமும் வந்தன. அடுத்த ஆண்டே ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வந்தது, அதில் எம்.ஜி.ஆரின் கண்டுபிடிப்பைப் பறிக்க முயலும் விஞ்ஞானியாக எஸ்.ஏ. அசோகன். அந்தப் பாத்திரத்தின் பெயர் பைரவன். பாதாள பைரவிக்கு இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் வில்லன் மேல் அந்தப் பெயரின் நிழல் விழுந்திருப்பது தற்செயலாகக்கூட இருக்கலாம், ஆனால் பார்ப்பவர் மனதில் அது வேலை செய்திருக்கும். மேற்கில் இந்த வில்லனுக்கு நீண்ட வரலாறு உண்டு. எச்.ஜி. வெல்ஸின் டாக்டர் மோரோ 1896-இல் மிருகங்களை அறுத்து மனிதராக்கப் பார்த்தார். அது பெரியவர்களுக்கான நாவல். அதற்கும் அரை நூற்றாண்டு முன்பே, 1845-இல், விரல் சூப்பும் பையனின் கட்டை விரலைக் கத்தரிக்கோலால் வெட்டிவிடும் தையல்காரரைக் குழந்தைகளின் படப்புத்தகத்துக்குள் கொண்டுவந்தார் ஹைன்ரிஹ் ஹாஃப்மன். அவரே பிராங்க்ஃபர்ட்டில் ஒரு மருத்துவர். தன்னிடம் வந்து அழும் குழந்தைகளைப் படம் வரைந்து சமாதானப்படுத்தியவர். நம் காலத்தில் பிலிப் புல்மன் 1995-இல் எழுதிய நாவலில், வடதுருவப் பனியில் ஒரு நிலையம் இருக்கிறது. அங்கே டாக்டர்களும் நர்ஸுகளும் கனிவாகப் பேசிக்கொண்டே குழந்தைகளை அவர்களின் ஆன்மாவிலிருந்து அறுத்துப் பிரிக்கிறார்கள். இந்த வரிசையில் நான் மிக உயர்வாக மதிப்பது புல்மனைத்தான். அறுப்பது பயங்கரமாக இருந்தாலும், ‘இது உன் நல்லதுக்குத்தான்’ என்று அவர்கள் பேசும் கனிவு அதைவிடப் பயங்கரம். அங்கே கையோடு வாயும் இருக்கிறது.

இன்றைய தமிழ்ப் பிள்ளைகள் கதைப் புத்தகத்தைவிட அதிகமாகப் பார்ப்பது தொலைக்காட்சியில் ஓடும் சினிமாவைத்தான் என்பதால் அதையும் சேர்த்தே பேச வேண்டும். ‘ஈ’ (2006) படத்தில் சேரி மக்களின் உடம்பில் மருந்துச் சோதனை நடத்தும் டாக்டர். ‘ஐ’ (2015) படத்தில் வீட்டுக்கு வேண்டியவராகப் பழகிக்கொண்டே நாயகனின் உடம்பில் நோயை ஏற்றும் டாக்டர். ‘மெர்சல்’ (2017) படத்தில் காசுக்காகத் தேவையில்லாத அறுவை சிகிச்சையைத் திணிக்கும் டாக்டர். இவை குழந்தைகளுக்காக எடுத்த படங்கள் அல்ல, ஆனால் குழந்தைகள் பார்க்கும் படங்கள். மூன்றுக்கும் பின்னால் உண்மையான ஊர்ப் பேச்சு இருக்கிறது. சென்னை வில்லிவாக்கத்தைச் சிறுநீரக வியாபாரத்தோடு சேர்த்துக் ‘கிட்னிவாக்கம்’ என்று சொன்ன காலம் ஒன்று இருந்தது. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வர வேண்டியிருந்தது. தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்று (2019–21) தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் ஏறத்தாழ 45 சிசேரியன் என்றது. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் பார்த்தால் 60-க்கு மேல். அத்தனையும் தேவையற்றவை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் எது தேவை, எது தேவையில்லை என்று பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் குடும்பத்தால் கண்டுபிடிக்க முடியாது என்பதுதான் புலிப்பாலின் இன்றைய வடிவம். அந்த வகையில் ‘மெர்சல்’ வில்லன் பந்தளத்து வைத்தியரின் நேர் வாரிசு. ‘ஈ’ வில்லன் மோரோவின் வாரிசு. முதல் வகை பார்ப்பவரை யோசிக்க வைக்கிறது; இரண்டாவது வகை முகம் திருப்ப வைக்கிறது. சிறுவர் கதைகள் இரண்டாவதையே அதிகம் கடன் வாங்குவது எனக்கு வருத்தம் தருகிறது.

இங்கே கனமான ஒரு மறுப்பு வரும். ஏற்கெனவே நம் வீடுகளில், சாப்பிடாவிட்டால் டாக்டர் மாமாவிடம் சொல்லி ஊசி போடச் சொல்லுவேன் என்றுதான் மிரட்டுகிறோம். பூச்சாண்டிக்கும் பிள்ளை பிடிக்கிறவனுக்கும் அடுத்த இடத்தில் டாக்டரை வைத்திருக்கிறோம். அதற்கு மேல் கதையிலும் அவரை வில்லனாக்கினால் பிள்ளை எப்படி மருந்து குடிக்கும், எப்படித் தடுப்பூசி போட்டுக்கொள்ளும்? இந்தக் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, வாட்ஸ்ஆப்பில் பரவிய வதந்தியை நம்பிப் பெற்றோர்கள் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போன ஊர்கள் உண்டு. தமிழ்நாட்டில் முகாமை நீட்டிக்க வேண்டி வந்தது. அம்மையை மாரியம்மனின் வருகையாகப் பார்த்த மண்ணில், ஊசியை நம்ப வைக்க எத்தனை தலைமுறை பாடுபட்டது என்பதை நினைத்தால் இந்தப் பின்னடைவு வலிக்கிறது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியில் 1823-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழி வந்ததுதான் ஜிப்மர். 2016-இல் அதன் கிளை எங்கள் காரைக்காலுக்கும் வந்தது. மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் தெருவில் நடந்து போகும் ஓர் ஊரில், டாக்டரைப் பூதமாக்கி எழுதுவது பொறுப்பான காரியமா? ஆனால் 2017-இல் பெற்றோர்களைப் பயமுறுத்தியது எது என்று பார்க்க வேண்டும். ஊசியைக் காட்டும் படங்கள், மயங்கி விழும் பிள்ளைகள் என்ற பேச்சு, யாரோ ஒரு ‘டாக்டர்’ பேசியதாகச் சுற்றிய குரல் பதிவு. அதாவது ஊசி பிடித்த கையைப் பற்றிய பயமும், சரிபார்க்க முடியாத ஒரு வாயின் மேல் வைத்த நம்பிக்கையும் சேர்ந்து செய்த வேலை அது. கையை மட்டும் வில்லனாக்கும் கதை இந்த நோயை வளர்க்கும். யார் சொன்னது, எதற்காகச் சொன்னார், அவருக்கு இதில் என்ன லாபம் என்று கேட்கப் பழக்கும் புலிப்பால் வகைக் கதை, வதந்திக்கும் அதே கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொடுக்கும். கெட்ட வைத்தியர் கதையில் வருவதால் வரும் ஆபத்தைவிட, கெட்ட வைத்தியரை எப்படி அடையாளம் காண்பது என்பதைச் சொல்லாத கதையால் வரும் ஆபத்து பெரிது.

இரண்டாவது மறுப்பு: ஒருவரை வில்லனாக்கினால் அவர் சேர்ந்த கூட்டமே வில்லனாகிவிடாதா? இதற்குச் சான்று தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. காரைக்கால் கோவில்பத்துதான் தேவாரம் பாடிய திருத்தெளிச்சேரி. பார்வதீசுவரர் கோவில் இருக்கும் இடம். திருநள்ளாற்றிலிருந்து இந்தப் பக்கம் வந்த சம்பந்தரைப் போதிமங்கையில் பௌத்தர்கள் வழிமறித்ததாகவும், வாதத்துக்கு வந்த புத்தநந்தியின் தலை இடி விழுந்து துண்டானதாகவும் பெரியபுராணம் சொல்கிறது. அதே நூலில் பாண்டியனின் வெப்புநோயைச் சமணர்களால் தீர்க்க முடியவில்லை. அப்பரின் சூலைநோயையும் அவர்களால் தீர்க்க முடியவில்லை. நோயைத் தீர்ப்பது யார் என்பது எந்தச் சமயம் மெய் என்பதற்கான போட்டியாகிவிடுகிறது. பக்தி இலக்கியமாக அதன் அழகை நான் மதிக்கிறேன். ஆனால் குழந்தைக்குச் சொல்லும் வடிவத்தில், தோற்ற மருத்துவர்கள் எல்லோரும் ஒரே சமயத்தவர், ஆகவே அந்தச் சமயத்தவர் எல்லோரும் பொய்யர்கள் என்ற முடிவு எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அந்த முடிவிலிருந்து குழந்தையை மீட்பது எளிதில்லை. புலிப்பால் கதை இந்த இடத்தில் மிக நேர்த்தியானது. அந்த வைத்தியருக்குச் சாதியோ சமயமோ தனி ஊரோ சொல்லப்படுவதில்லை. கதை கேட்ட எந்தப் பிள்ளையும் வைத்தியர்கள் எல்லோரும் கெட்டவர்கள் என்று எழுந்து போனதாகத் தெரியவில்லை. பயந்தோ காசுக்கோ பொய் சொன்ன ஒரு மனிதர் என்ற அளவிலேயே அவர் நிற்கிறார். ‘மெர்சல்’ வந்தபோது மருத்துவர் அமைப்புகள் எதிர்ப்புச் சொன்னதில் ஒரு நியாயம் இருந்தது என்றால் அது இதுதான்: வில்லனை முழுத் தொழிலின் முகமாகக் காட்டும் சபலம் சினிமாவுக்கு எப்போதும் உண்டு. சிறுவர் கதை எழுதுபவர் அதைத் தவிர்க்க ஒரே வழி, அதே கதைக்குள் இன்னொரு வைத்தியரையும் வைப்பது. மருந்து தெரிந்தவர் ஒருவர் நல்லவராக இருந்தால்தான் மற்றவரின் பொய் பொய்யாகத் தெரியும்.

வில்லனின் முகத்தைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் கடன் வாங்கிய டாக்டர்கள் பெரும்பாலும் ஒரு முகத்தோடு வருகிறார்கள்: தழும்பு, ஒற்றைக் கண், கூன், கோணல் சிரிப்பு. உடம்பில் குறை உள்ளவரைக் கெட்டவராகக் காட்டும் இந்த வழக்கம் காரைக்காலில் வளரும் பிள்ளைக்கு அந்நியமாகத்தான் இருக்க வேண்டும். ஆனியில் மாங்கனித் திருவிழா நடக்கிறது. பிட்சாடனர் வீதி வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழம் மழையாக விழுகிறது, பிள்ளைகள் துணி விரித்துப் பிடிக்கிறார்கள். அந்த விழாவின் நாயகி புனிதவதி, பிறகு பேய் உருவை வேண்டிப் பெற்ற காரைக்கால் அம்மையார். விலா எலும்பு தெரிய, நரம்பு புடைக்க, கையில் தாளத்தோடு உட்கார்ந்திருக்கும் சோழர் காலத்துச் செப்புச் சிலைகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தமிழ்ச் சிற்பி அச்சமூட்டும் ஓர் உடம்பை எவ்வளவு மரியாதையோடு வடித்திருக்கிறான் என்று. சிவனே ‘அம்மையே’ என்று அழைத்த முகம் அது. சில கிலோமீட்டர் தள்ளித் திருநள்ளாற்றில் நளன் கதை. காட்டுத் தீயிலிருந்து தான் காப்பாற்றிய கார்க்கோடகனே நளனைக் கடிக்கிறான். நளன் உருக்குலைந்து போகிறான். ஆனால் அந்த விஷம் எரித்தது நளனுக்குள் புகுந்திருந்த கலியை. கோரமான உருவம் மறைவிடமாயிற்று, விஷம் மருந்தாயிற்று. இப்படி, பேய் முகத்தில் தாயையும் பாம்புக்கடியில் சிகிச்சையையும் சொல்லிக்கொடுக்கும் கதைகள் மண்ணில் இருக்கும்போது, கெட்ட டாக்டருக்கு அழகான முகத்தைக் கொடுப்பதே நம் மரபுக்கு ஏற்றது. கனிவான குரல், சுத்தமான கை, வெற்றிலை மணக்கும் சிரிப்பு, நாடி பிடிக்கும்போது கண்ணை மூடிக்கொள்ளும் பக்குவம். பந்தளத்து வைத்தியர் அப்படித்தான் இருந்திருப்பார். அரண்மனையில் வேறு முகத்தோடு நுழைய முடியாது.

மூன்றாவதாக, இந்தக் கதை கீழ்ப்படியத்தானே சொல்லிக்கொடுக்கிறது, மணிகண்டன் ஒரு கேள்வியும் கேட்காமல் காட்டுக்குப் போனானே என்று ஒருவர் கேட்கலாம். மேலோட்டமாக அப்படித் தோன்றும். ஆனால் அவன் திரும்பி வந்த விதத்தைப் பார்க்க வேண்டும். பாலைக் குடத்தில் கொண்டுவரவில்லை. இந்திரனே புலியாக, தேவர்கள் பெண்புலிகளும் குட்டிகளுமாக, புலி மேல் ஏறி வாசலுக்கே வந்துவிட்டான். எந்தப் புலி வேண்டுமோ கறந்துகொள்ளுங்கள் என்கிற மாதிரி. பொய்யான மருந்துச் சீட்டை எழுத்து மாறாமல் நிறைவேற்றியதன் மூலமாகவே அதன் பொய்யை ஊர் பார்க்க வைத்தான். விக்கிரமாதித்தனுக்கு வேதாளம் கடைசியில் சொல்லிக்கொடுத்த உபாயமும் இதன் அண்ணன்தான்: கீழே விழுந்து கும்பிடு என்று சந்நியாசி சொன்னால், எனக்குத் தெரியாது, நீங்கள் முதலில் செய்து காட்டுங்கள் என்று கேள். குரங்கு சொன்ன பதிலும் அப்படியே: நெஞ்சு வேண்டுமா, தருகிறேன், மரத்துக்குத் திருப்பிக் கொண்டு போ. மூன்றிலும் சிறியவர் பெரியவரின் கட்டளையை மறுக்கவில்லை. மறுக்கும் பலம் அவருக்கு இல்லை என்று கதைக்குத் தெரியும். கட்டளையை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, அதைச் சொன்னவர் மேலேயே திருப்பிவிடுகிறார். உண்மையில் ஒரு குழந்தையால் செய்யக்கூடியது இவ்வளவுதான். ஆய்வுக்கூடத்தை வெடிகுண்டு வைத்துத் தகர்க்கும் காமிக்ஸ் நாயகனின் வெற்றியை நான் ரசிப்பேன், ஆனால் அதில் குழந்தை எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. டாக்டரிடம் ‘இது எதுக்கு?’ என்று கேட்கும் துணிவை, மருந்து குடிக்க மறுக்காமலேயே கேட்கும் துணிவை, முருங்கை மரத்துக் கதை கொடுக்கிறது.

சாகித்திய அகாதெமி 2010-லிருந்து சிறுவர் இலக்கியத்துக்கெனத் தனி விருது தருகிறது. அறிவியலும் கற்பனையும் கலந்த நல்ல சிறுவர் நாவல்கள் தமிழில் வந்துகொண்டிருக்கின்றன. இப்போது எழுதுபவர்கள் கெட்ட டாக்டரை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்று நினைக்கிறேன். காரைக்கால் பக்கத்துப் பிள்ளைக்கு மந்திரவாதியைப் பற்றி இன்று பயமில்லை. ஸ்கேன் எடுத்துக்கொண்டு வரச் சொல்லும் சீட்டைப் பார்த்து அம்மாவின் முகம் மாறுவதைப் பற்றி உண்டு. அந்தப் பயத்தைப் பேசாமல் விட்டால், வாட்ஸ்ஆப் அதைப் பேசும். எழுதுபவருக்குப் பந்தளத்துக் கதை ஓர் இடத்தை எழுதாமலேயே விட்டுவைத்திருக்கிறது. புலிகள் கோட்டை வாசலுக்கு வந்ததும் ஊர் கதவை அடைத்துக்கொள்கிறது. ராணியின் தலைவலி பறந்துபோகிறது. ராணி மன்னிப்புக் கேட்கிறாள், மந்திரி காலில் விழுகிறான், மணிகண்டன் எல்லோரையும் மன்னித்துவிட்டு மலைக்குப் புறப்படுகிறான். பரவலாகச் சொல்லப்படும் எந்த வடிவத்திலும் அந்த நேரத்தில் வைத்தியர் எங்கே இருந்தார் என்ற பேச்சே இல்லை. மருந்துப் பெட்டியை மூடிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனாரா? வேறு ஓர் அரண்மனைக்குப் போனாரா? அல்லது வாசலில் புலி உறுமுவதைக் கேட்டுக்கொண்டே, இன்னும் ராணியின் மணிக்கட்டை விடாமல் பிடித்து உட்கார்ந்திருந்தாரா? பால் கறக்க ஒரு செம்பைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்து, ‘நீங்கதானே கேட்டீங்க, வாங்க’ என்று வாசலுக்குக் கூப்பிடும் ஒரு பிள்ளையை அந்தக் காட்சியில் நிறுத்தினால், அங்கிருந்து ஒரு நல்ல தமிழ்ச் சிறுவர் கதை தொடங்கும்.